ஆபீஸ் பிளான், வீட்டுப் பிளான்

மழைநீர்க் குழியின் மூடியை இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கினார்கள். உள்ளேயிருந்து ஈர மண் வாசனை வந்தது. ஒரு தவளை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கூட்டம் பிடிக்காமல் மறுபடி ஜல்லிக்குள் போய்விட்டது. நகரமைப்பு ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கையிலிருந்த இரண்டு புளூபிரிண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பிளான்ல ரெண்டு பேருக்கும் குழி இருக்குது. இங்க ஒண்ணுதான் இருக்குது. யாரு குழி இது?"

"எங்களுது சார்" என்றார் ரோஸி சிஸ்டர்.

"எங்களுது சார்" என்றார் பக்கத்து வீட்டுப் பலராமன்.

அந்த இரண்டு பிளானையும் வரைந்தவள் நான். இரண்டு குழியையும் ஒரே ரப்பர் ஸ்டாம்பால் குத்தியவளும் நான்தான். ஐந்தடி அகலமுள்ள அந்தச் சந்தில், உச்சி வெயிலில், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். குழிக்குள் தவளைக்குப் பக்கத்தில் இடமிருந்தால் நானும் இறங்கியிருப்பேன்.

பச்சையும் மஞ்சளும்

கடல் பொங்கிக் கடலூரைப் புரட்டிப்போட்டதற்குப் பிந்திய வருஷங்கள் அவை. கடலோரத்தில் குடியிருந்தவர்களுக்கெல்லாம் மேற்கே போய்விட வேண்டும் என்று ஒரு பயம். மேற்கே சவுக்குத் தோப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வாரம் தோப்பு மொட்டையாகும். மறு வாரம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் முளைக்கும். அதற்கு அடுத்த வாரம் 'நகர்' என்று முடியும் பெயரோடு ஒரு வளைவு எழும். எங்கள் கதை நடந்த இடத்துக்குப் பூஞ்சோலை நகர் என்று பெயர். இருந்த சோலையை வெட்டிவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

நகரமைப்பு ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கும். வயலெல்லாம் பச்சை, குடியிருப்பெல்லாம் மஞ்சள். நான் போகும்போதெல்லாம் மஞ்சள் கொஞ்சம் வளர்ந்திருக்கும். கலர் பென்சிலை வைத்திருந்தவர் யாரோ தெரியாது, ஆனால் வயலில் கால் வைத்தவர் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒரு வாய்க்கால் பச்சை வழியாக வந்து, மஞ்சளுக்குள் நுழைந்து, அப்படியே காணாமல் போயிருந்தது. படத்தில்தான் அது காணாமல் போனது. ஐப்பசி மழையில் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் வந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டைப் பக்கம். அப்பா விவசாயி. நான் ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரையப் படித்தேன். வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். அங்கிருந்து தினம் பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் வந்து, ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், தனசேகரன் என்கிற லைசென்ஸ் சர்வேயரிடம் வேலை பார்த்தேன். பிளானில் இருக்கும் கையெழுத்து அவருடையது, படம் என்னுடையது. டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைந்து, தவறினால் பிளேடால் சுரண்டி, அமோனியா வாசனையில் கண் எரிய எரிய பிரிண்ட் போட்ட காலம். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எங்கள் முதலாளிக்கு மட்டும் அதன் மேல் நம்பிக்கை வரவில்லை.

ஒரு வீட்டுக்கு இரண்டு பிளான்

சட்டம் சொல்வது எளிது. முப்பதடி அகல மனையில் கட்டுகிறாயா, இரண்டு பக்கமும் ஐந்தடி விடு. முன்னால் விடு, பின்னால் விடு. காற்று வரட்டும், வெளிச்சம் வரட்டும், தீப்பிடித்தால் ஓட வழி இருக்கட்டும். நல்ல சட்டம்தான். எழுதியவர் எங்கள் ஜனங்களைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நிலத்தை வாங்கிச் சும்மா போடுவது என்றால் எங்கள் ஜனங்களுக்கு மனசு வராது. "ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அடி உட்டுட்டு, நடுவுல நாமம் போட்ட மாதிரியா வூடு கட்டறது?" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

அதற்காக ஏற்பட்ட வழக்கம்தான் இரண்டு பிளான். எங்கள் ஆபீஸில் மட்டுமல்ல, அந்த வீதியில் பலகை மாட்டியிருந்த எல்லோரிடமும் உண்டு. ஒன்று ஆபீஸ் பிளான். நாலு பக்கமும் இடம் விட்டு, மூலையில் ஒரு மரம் வரைந்து, நடுவில் அடக்கமாக ஒரு வீடு. இன்னொன்று வீட்டுப் பிளான். எல்லைக்கு எல்லை, சுவருக்குச் சுவர். முதல் பிளான் சீல் வாங்கிக்கொண்டு பீரோவுக்குள் போய்விடும். இரண்டாவது பிளான் மேஸ்திரி கையில், சிமெண்டு ஈரம் பட்டு, நாலாக மடிந்து, கிழியும்வரை உழைக்கும்.

வீட்டுப் பிளானின் மூலையில் வீட்டுக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். 'நான் சொன்னது இப்படி இல்லை' என்று பிற்பாடு மேஸ்திரியோடு தகராறு வரும் அல்லவா, அதற்காக. சர்க்காரிடம் பொய் சொல்வதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை. மேஸ்திரியிடம் சொன்ன சொல் மட்டும் மாறக்கூடாது. அந்தக் கையெழுத்தை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் குழி

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் குழி கட்டாயம் என்று ஆகியிருந்தது. பிளானில் குழியைக் காட்டாவிட்டால் சீல் விழாது. வட்டம் போட்டு, அடியில் கருங்கல் ஜல்லி, அதற்கு மேல் செங்கல் துண்டு, அதற்கு மேல் மணல் என்று நான் ஒவ்வொன்றாக வரைவேன். அரை மணி நேரம் பிடிக்கும். நாலு நாள் பொறுத்துப் பார்த்தார் தனசேகரன். ஐந்தாம் நாள் கடைத்தெருவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்து மேசையில் வைத்தார். ஜல்லி, மணல், மாடியிலிருந்து இறங்கும் குழாய் எல்லாம் அதில் இருந்தன.

"குத்து தேவகி. எவன் தோண்டப் போறான்?"

குத்தினேன். படத்தில் எந்தப் பக்கம் காலியாக இருந்ததோ அந்தப் பக்கம் குத்தினேன். குத்தியதையெல்லாம் தோண்டியிருந்தால் கடலூரில் கோடைக்கு ஒரு அடிபம்பும் வறண்டிருக்காது.

தோண்டிய ஒருத்தர்

ரோஸி சிஸ்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தபால் ஆபீஸில் இருந்தவர். ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய்ப் படுக்கையோடு இருந்தார். கடலோர வாடகை வீட்டில் இருந்து, அந்த அலைக்குத் தப்பி வந்தவர்கள். "கடல் வேணாம்மா. கடல்காத்து மட்டும் போதும்" என்று சொல்லிக்கொண்டுதான் எங்கள் மாடிப்படி ஏறினார்.

இரண்டு பிளானையும் மேசையில் விரித்தேன். சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஆபீசுக்கு சிஸ்டர். ஒண்ணு கட்டறதுக்கு."

"அப்ப ஆபீசுக்குக் குடுக்கறது பொய்யா?"

தனசேகரன் நெளிந்தார். "பொய்னு இல்ல சிஸ்டர், வழக்கம்."

"டாக்டர் சீட்டுல ஒரு ஊசி எழுதுவாரு, நான் வேற ஊசி போடணுமா? சர்வீஸ் பூரா அப்படிப் போட்டிருந்தா எத்தினி பேர் செத்திருப்பாங்க? எனக்கு ஒரு பிளான் போதும். அதுல இருக்கறதத்தான் கட்டுவேன்."

அவர் போன பிறகு தனசேகரன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

சொன்னபடியே கட்டினார். டேப்பைத் தானே பிடித்து அளந்தார். ஒரு நாள் மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். "இன்னா மேடம், பிளான்ல வட்டமா ஒண்ணு குத்தியிருக்கீங்களே, இந்தம்மா நெஜமாவே அத்த தோண்டச் சொல்லுது!" தோண்டினார்கள். உறை இறக்கி, ஜல்லி போட்டு, மணல் போட்டு, மேலே சிமெண்டுப் பலகை மூடி. என் ஸ்டாம்ப் தரையில் இறங்கியதை என் வாழ்நாளில் அந்த ஒரு வீட்டில்தான் பார்த்தேன்.

கிழக்கு அறையின் ஜன்னலோரம் கணவருக்குக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே, குழி தோண்டிய அந்த ஐந்தடி இடம். மத்தியானம் மூன்று மணிக்குக் கடல்காற்று அந்த இடத்துக்குள் நுழைந்து ஜன்னல் திரையைத் தூக்கும். அவருக்குப் பேச்சு வராது. காற்று வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவார். நான் போயிருந்தபோது சிஸ்டர் அதைக் காட்டினார்.

"மூணு மணி ஆவறது அவருக்கு கடியாரம் இல்லாமயே தெரியும்."

சிதம்பரத்துப் பெரிய குடும்பம்

இங்கே கொஞ்சம் சிதம்பரம் போய்விட்டு வருகிறேன். கடலூர்க்காரர்களை மட்டும் திட்டினால் என் புகுந்த ஊர் கோபித்துக்கொள்ளும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் வீடு கட்டினார். பிளானில் 'சொந்தக் குடியிருப்பு' என்று எழுதிச் சீல் வாங்கியிருந்தார். மூன்று மாடி, பதினெட்டு படுக்கை அறை, பதினெட்டு கக்கூஸ், ஒரே ஒரு சமையலறை. வீட்டில் இருந்ததோ அவரும் மனைவியும். படிக்க வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடத்தான் கட்டினார் என்பது காகத்துக்கும் தெரியும். சோதிக்க வந்தவர் அறைகளை எண்ணிவிட்டு, "பெரிய குடும்பமா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, சொந்தக்காரங்க ஜாஸ்தி" என்றாராம் இவர். கேட்டவரும் சிரிக்கவில்லை, சொன்னவரும் சிரிக்கவில்லை. ஒருவர் பொய்யை ஒருவர் இப்படி மரியாதையாக நடத்துவதைத்தான் எங்கள் பக்கம் நிர்வாகம் என்கிறார்கள்.

அதே ஊரில் நாங்களும் ஒரு வீடு கட்டினோம். அது தானாகவே பேச்சில் வரும்.

சந்தின் மேல் விழுந்த கண்

சிஸ்டர் வீட்டுக்குக் கிழக்கு மனையை வாங்கியவர்தான் பலராமன். அண்ணாகிராமம் பக்கம் முந்திரி வியாபாரம். அவருக்கும் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு பிளான். ஆபீஸ் பிளானில் மேற்கே ஐந்தடி காட்டினேன். தாளில் பெயர் எழுதும் கட்டம் கிழக்குப் பக்கத்தை அடைத்திருந்ததால் குழி ஸ்டாம்பையும் மேற்கே குத்தினேன். வீட்டுப் பிளானில் எல்லைவரை சுவர். மூலையில் கையெழுத்துப் போட்டார். எல்லைவரை கட்டினார். மனைக்கல் அவர் அஸ்திவாரத்துக்கு அடியில் போய்விட்டது.

முதலில் நல்ல பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திரிப் பருப்புகூடக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் மழையில் அவர் மாடித் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வந்து கேட்டார். "தண்ணிதானே, பூமிக்குத்தானே போவுது, உட்டுக்க" என்றார் சிஸ்டர். பலராமன் மாடியிலிருந்தும் ஒரு குழாய் சிஸ்டர் குழியில் இறங்கியது.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வந்தது வினை. மகளுக்கு மாடி. மாடிக்குத் தனிப்படி. வீட்டுக்குள் படி வைத்தால் ஒரு அறை போய்விடும். வெளியே வைக்கலாம் என்றால் அவருக்கு வெளியே என்று ஓரிடமும் இல்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குள் போட்டுவிட்டாரே. அப்போதுதான் பீரோவுக்குள் கிடந்த ஆபீஸ் பிளான் அவருக்கு ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு சிஸ்டர் வீட்டு வாசலில் நின்றார்.

"கவர்மெண்ட்டு சீல் வெச்ச பிளான் சிஸ்டர். மேற்கால எனக்கு அஞ்சடி போட்டிருக்குது. இந்தச் சந்து அதானே?"

நாணம் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே விற்கிறது என்று தெரிந்தால் அவருக்கு ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்திருப்பேன். இரண்டு பேருடைய ஆபீஸ் பிளானும் சொல்வதைக் கூட்டினால் நடுவில் பத்தடி இருக்க வேண்டும். தரையில் இருந்தது ஐந்தடி, அதுவும் சிஸ்டர் விட்டது. அளந்து பார்க்கலாம் என்றால் அந்த வரிசையில் ஒரு மனைக்கல்லும் இல்லை. ஆளுக்கு அரை அடி, ஒரு அடி என்று தள்ளிக் கட்டியிருந்தார்கள். ஒரு கோடியிலிருந்து அளந்தால் மறுகோடி வீட்டுக்காரர் ரோட்டில் நின்றார்.

சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். "ஜன்னல ஒட்டிப் படி கட்றாங்களாம் தேவகி. சரியா அவர் மூஞ்சிக்கு நேரா. நான் மனு குடுத்திருக்கறேன். நீ வந்து உள்ளதச் சொல்லணும்."

உள்ளதைச் சொன்ன அழகு

குழிக்கு மறுபடி வருவோம். அதிகாரி குழாய்களை எண்ணினார். இரண்டு.

"ரெண்டு வூட்டுத் தண்ணியும் எறங்குதே?"

"மழைக்குப் பாவம்னு நான்தான் உட்டேன் சார்" என்றார் சிஸ்டர்.

"எழுத்துல இருக்குதா?"

சிஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். நான் முன்னால் வந்தேன். என்னோடு வந்திருந்த தனசேகரன் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"சார், பலராமன் சார் பிளான் நான் வரைஞ்சது. அந்த அஞ்சடி படத்துல மட்டும்தான். தரையில எல்லை வரைக்கும் கட்டிட்டாரு. குழியும் அவர் தோண்டல. நான் ஸ்டாம்பு குத்துனது."

பலராமன் கோபப்படவில்லை. பதமாகக் கேட்டார். "மேடம், சிதம்பரத்துல உங்க வூட்ல எத்தினி அடி உட்டிருக்கீங்க?"

ஒன்பது அங்குலம். ஒரு பக்கம் ஒன்பது அங்குலம், மறு பக்கம் அதுவும் இல்லை. பிளானில் ஐந்தடி இருந்தது. அதையும் நான்தான் வரைந்தேன், குழியையும் குத்தினேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பார்த்தேன்.

ஆனாலும் அன்று ஒரு காரியம் செய்தேன். காலையில் முதலாளிக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்து வந்த பலராமனின் வீட்டுப் பிளானைக் கைப்பையிலிருந்து எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன். எல்லைக்கு எல்லை சுவர், மூலையில் அவர் கையெழுத்து. அதிகாரி முழுசாக விரித்துப் பார்த்தார். கையெழுத்தையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுருட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இத நான் பாக்கல மேடம்."

"ஏன் சார்?"

என்னைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "பாத்தா, இவர் வூட்ட இடிக்கச் சொல்லணும். அப்பால அடுத்த வூடு. அப்பால இந்த நகரே. கடைசீல என் வூட்டு வாசல்ல வந்து நிக்கும். சீல் வெச்ச காயிதம் ரெண்டு இருக்குது. எனக்கு அது ரெண்டும்தான் நெஜம்."

தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சந்து இரண்டு வீட்டுக்கும் பொது. யாரும் எதுவும் கட்டக்கூடாது. சிஸ்டர் அதற்கே சந்தோஷப்பட்டார். "படி வரல இல்ல, அது போதும்" என்று உள்ளே போய்க் கணவரிடம் சொன்னார். எனக்கு மறு மாதம் வேலை போயிற்று. முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்.

பொது என்றால்

பொது என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அது தன்னுடையது என்று எங்கள் ஜனங்களுக்குப் புரிந்துவிடும். பின் தெருக்காரர்களுக்குப் பஸ் ஸ்டாப் போக அது குறுக்கு வழி. முதலில் நடந்தார்கள். பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். தேர்தலுக்கு முன்னால் யாரோ நல்லது செய்ய நினைத்துச் சிமெண்டு ரோடு போட்டார்கள். குழி மூடியோடு சேர்த்துப் போட்டார்கள். முனையில் பெயர்ப்பலகையும் வைத்தார்கள். பலராமன் வேறு ஓர் ஆபீஸில் புதிய பிளான் போட்டு, அந்தச் சந்து ஒரு தெரு என்றே காட்டிச் சீல் வாங்கினார். தெருப் பக்கம் சுவரை உடைத்து ஒரு கடையும் வைத்தார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, அந்த நகர்களையெல்லாம் ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று கிளம்பினார்கள். வீடு வீடாக அளந்தார்கள். ஒரு மத்தியானம் ரோஸி சிஸ்டர் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கு என் வீட்டைத் தேடி வந்தார். எக்ஸ்ரே உறைக்குள் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். கட்டடத்தின் கிழக்கே தெருவை ஒட்டி, விட வேண்டிய இடம் விடாமல் கட்டப்பட்டுள்ளது. பிளானில் காட்டிய மழைநீர்க் குழி இடத்தில் இல்லை. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

பூஞ்சோலை நகரில் சட்டப்படி வீடு கட்டிய ஒரே மனுஷிக்குச் சட்டத்தை மீறியதாக நோட்டீஸ். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. காறித் துப்ப வேண்டும் என்று தோன்றியது. யார் மேல் துப்ப ஆரம்பித்தாலும் கடைசியில் என் மேல்தான் வந்து விழும்.

"சார் எப்படி இருக்காரு சிஸ்டர்?"

"இருக்காரு. ஜன்னலச் சாத்திட்டேன். வண்டிப் புகை, தூசி. மூணு மணிக்கு இன்னும் அந்தப் பக்கம்தான் திரும்பறாரு."

மணி அப்போது மூன்றுதான் ஆகியிருந்தது. சிஸ்டர் எழுந்து என் வீட்டு ஜன்னலருகே போய் நின்றார். வெளியே ஒன்பது அங்குலம் தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு ஒரு புது பிளான் வெக்கணுமாம். நீயே போட்டுக் குடு தேவகி."

"சரி சிஸ்டர். இப்ப இருக்கறத அப்படியே காட்டிடறேன்."

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வேணாம். ரெண்டா போட்டுடு. ஒண்ணு ஆபீசுக்கு."